மூன்றாவது தொப்பி

நாற்பது பேர் முன்னால் அண்ணி என்னைக் கன்னத்தில் அறைந்தாள். பதினெட்டு வருஷம் ஆகிறது. தப்புதான் என்று ஒரு வார்த்தை அவள் சொன்னதில்லை. நானும் மறந்ததில்லை.

பிழைக்கப் போன தக்காளிப் பண்ணை அது. ஒரு தகரக் கொட்டகைக்கு மூன்று ஆள், மூன்று ஆளுக்கு மூன்று வரிசை. ஓர் ஆள் படுத்துவிட்டால் அன்று சாயங்காலமே கொட்டகையைக் காலி செய்ய வேண்டும். அண்ணன், அண்ணி, நான், மூன்று பேரும் ஏற்கெனவே இரண்டு பண்ணையில் துரத்தப்பட்டு வந்தவர்கள்.

செடிகள் தோள் உயரம். பாதையில் நிற்கிற மேஸ்திரிக்குப் பண்ணை கொடுத்த மஞ்சள் தொப்பிகள்தான் தெரியும். அவற்றைத்தான் எண்ணுவான்.

பூச்சிமருந்து அடித்த மறுநாள் அண்ணனுக்குக் காய்ச்சல் கொதித்தது. அண்ணி அவனைத் தாங்கிப் பிடித்து வந்து வரிசைக்குள் படுக்க வைத்தாள். அவன் தொப்பியை ஒரு குச்சியில் மாட்டி நட்டாள்.

"அவர் வரிசையையும் நாம ரெண்டு பேரும் பறிக்கணும், தம்பி. பத்துச் செடிக்கு ஒரு தடவை குச்சியைத் தள்ளி நடு. அது உன் பொறுப்பு."

நான் மறந்து தொலைத்தேன். இரண்டு வரிசை பறிக்கிறவனுக்கு மூளை விரல் நுனியில்தான் இருக்கும்.

"ஏய்! உங்க அண்ணன் என்ன, அரை மணி நேரமா ஒரே செடியோட குடும்பம் நடத்துறானா?" என்றான் மேஸ்திரி.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் பாதையை விட்டு இறங்கினான். காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"ஐயா, அண்ணனுக்கு..."

விழுந்தது அறை. கூடை கவிழ்ந்தது.

"பழத்தை நசுக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? அங்க உங்க அண்ணன் மாடா உழைக்கிறார், உனக்கு இங்க பேச்சு கேக்குதா?"

பண்ணையே கேட்கிற குரல். தரையில் கிடந்த அண்ணனுக்கும் கேட்டிருக்கிறது. தொப்பி ஆடியது. மெல்ல எழும்பி, இரண்டு செடி தள்ளிப் போய் நின்றது.

"நகர்றான், நகர்றான். அவனை விடு, இவனுக்கு இன்னும் ரெண்டு போடும்மா" என்று மேஸ்திரி திரும்பிப் போனான்.

அண்ணன் முழங்காலில் நகர்ந்து குச்சியைத் தூக்கிப் போயிருந்தான். நான்காம் நாள் தன் காலில் நின்று பறித்தான். கொட்டகை தப்பியது. இன்றைக்கும் அதில்தான் இருக்கிறோம்.

போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அண்ணி மூச்சு வாங்கியபடி என் கையைப் பிடித்து இழுத்தாள். அன்று அறைந்ததற்குத்தான் ஏதோ சொல்லப்போகிறாள் என்று குனிந்தேன்.

"என் தொப்பி கதவு ஆணியில தொங்குது, தம்பி. காலையில என் வரிசையில நட்டுடு. இல்லேன்னா உங்க அண்ணனை வெளிய போகச் சொல்லிடுவாங்க. பத்துச் செடிக்கு ஒரு தடவை. மறந்தே, எழுந்து வந்து அறைவேன்."