சலூன்காரர் ஓடுகிறார்

தாடையில் நுரை பூசி, கத்தியைக் கழுத்தருகே கொண்டுபோன பிறகுதான் சலூன்காரர் பேச்சை எடுப்பார். "அண்ணே, கிட்னி நோயாளிங்களுக்காக மாரத்தான் ஓடறேன். ஓடற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உங்க நன்கொடை எவ்வளவுன்னு போட்டுக்கலாம்?" அந்த நிலையில் யார்தான் மறுப்பார்? தலையை ஆட்டக்கூட முடியாது. "ம்" என்று ஒரு சத்தம் வரும். "ரொம்ப நன்றிண்ணே" என்று சொல்லிவிட்டு மேலுதட்டுக்குப் போய்விடுவார்.

மனிதருக்கு ஐம்பதாகப் போகிறது. இருபத்தாறு வருடமாக ஒரே நாற்காலியைச் சுற்றி நின்று பிழைத்தவர். இதற்கு முன் ஓடியதெல்லாம் பஸ்ஸைப் பிடிக்கத்தான். இப்போது தினமும் விடிந்ததும் பூங்காவை எட்டுச் சுற்று சுற்றிவிட்டு, ஈரத் தலையோடு வந்து கடையைத் திறக்கிறார். ஆள் இல்லாத நேரத்தில் கண்ணாடி முன் நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவார். தூரத்துக்கு அவரிடம் தனிக் கணக்கு. "முதல் பத்து கிலோமீட்டர் சும்மா மூணு கட்டிங் மாதிரி ஓடிடும். அதுக்கப்புறம்தாண்ணே, அழுற குழந்தைக்கு முடி வெட்டற கதை!"

எல்லாம் மனைவிக்காக. அந்த அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. அடுத்த தெருவில் ஓர் அறக்கட்டளை காசு வாங்காமல் டயாலிசிஸ் செய்கிறது. ஆறு இயந்திரங்களில் இரண்டு படுத்துவிட்டதால், வாரம் மூன்று முறை செய்துகொண்டவருக்கு இப்போது இரண்டு முறைதான். இடைப்பட்ட நாட்களில் முகம் வீங்கிவிடுகிறது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. புது இயந்திரம் வாங்கத்தான் இந்த மாரத்தான்.

அந்த அம்மாவுக்கோ இதில் துளியும் சம்மதமில்லை. "நடு ரோட்டுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தீங்கன்னா, அப்புறம் மெஷினை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று ஒரு பாட்டம் அழுது தீர்த்தார். பார்க்க வரவே மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். பதினைந்து நாளாக வீட்டில் பேச்சில்லை. பயம் சலூன்காரருக்கும் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஓட்டத்தன்று முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது. விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஷூ நாடா அவிழ்ந்து கிடந்தது, குனிய முடியவில்லை. ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் வேன் பின்னாலேயே ஊர்ந்து வந்து நின்றது. "போதும் சார், ஏறிக்கங்க" என்று ஓட்டுநர் கதவைத் திறந்தார். ஏறிவிடலாம் என்றுதான், சத்தியமாக, சலூன்காரருக்குத் தோன்றியது.

நடைபாதைக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்த அம்மா இறங்கி வந்தார். எத்தனை நேரமாக நின்றிருந்தாரோ, பாவம், கண்ணிமையெல்லாம் வீங்கியிருந்தது.

"என்ன கோலம் இது? இன்னும் எவ்வளவு இருக்கு?"

"ஏழு."

கணவரை மேலும் கீழும் பார்த்தார். திறந்திருந்த கதவையும் பார்த்தார். பிறகு மூச்சு வாங்க ரோட்டிலேயே குந்தி உட்கார்ந்து, நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டார். சலூன்காரர் விழாமலிருக்க மனைவியின் தலையில் கையை ஊன்றிக்கொண்டார். இரண்டாவது முடிச்சையும் இறுக்கிய பிறகு, அந்த அம்மா உட்கார்ந்தபடியே வேன்காரரைப் பார்த்து, போ போ என்று கையை வீசினார்.