அத்தான் பார்த்த ஊர்கள்

என் அக்கா கணவரை டிப்போவில் எல்லோரும் 'பைபாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். காலமெல்லாம் சுற்றுலா பஸ் ஓட்டியவர். எந்த ஊருக்குள்ளும் நுழையாமல் ஒதுக்குப்புறமாகவே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் கூட்டத்தில் மாட்டாமல் சுவரோரமாகவே நடந்து, நேராகச் சாப்பாட்டு மேசைக்குப் போய் நிற்பார். நல்ல மனுஷன்தான். ஆனால் பிடிவாதத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அவர் ஓய்வு பெற்றார். நாட்டின் இன்னொரு கோடியில் இருக்கும் மகள், கைக்குழந்தைக்காரி, "ரெண்டு பேரும் இங்கயே வந்துடுங்க" என்று கூப்பிட்டாள். ரயிலில் போயிருக்கலாம். அத்தானா ரயிலில் போவார்? இன்னொருத்தர் ஓட்டும் வண்டியில் அவருக்குத் தூக்கமே வராது. நண்பர் ஒருவரின் வேனை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டார்.

நான் மருந்துக் கடைக்காரன். கடையை விட்டுவிட்டு நான் ஏன் இந்த வேனில் ஏறினேன் என்றால், அக்காவின் கட்டளை.

"இவரு கூட நான் தனியாப் போனேன்னா வழியில ஒரு எடத்துலயும் நிறுத்த மாட்டாரு. நீ வாடா. நீ வாந்தி எடுத்தாலாவது வண்டி நிக்கும்."

உடன்பிறந்தவனுக்கு இப்படி ஒரு மரியாதை. வண்டி நகர்ந்தாலே எனக்கு வயிற்றைப் புரட்டும் என்பது ஊரறிந்த விஷயம். அதனால் முன் சீட்டு எனக்கு, பின் சீட்டு முழுக்க அக்காவுக்கும் பைகளுக்கும்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பார்த்த தொலைவெல்லாம் மார்க்கெட்டும் ஆஸ்பத்திரியும்தான். மகளை வளர்த்தாள். படுக்கையில் கிடந்த மாமனாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். அத்தான் ட்ரிப் முடிந்து வந்ததும் டீயைக் கையில் கொடுத்து, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். "சொல்லுங்க. என்ன பாத்தீங்க?" அத்தான் சொல்லுவார். எந்தப் பக்கம் போனாலும் கண்ணாலேயே நம்மைத் துரத்தும் ராஜாவின் படம், அருவிக்குப் பின்னால் நனையாமல் நடந்து போகும் பாதை, ஏரி நடுவில் படகு ஆடியபோது தான் பயந்தது. இதையெல்லாம் நானே பலமுறை கேட்டிருக்கிறேன். மனுஷன் நன்றாகத்தான் சொல்லுவார்.

கிளம்புவதற்கு முன் சாப்பாட்டு மேசையில் மேப்பை விரித்து எங்கெங்கே இறங்குவது என்று பேச உட்கார்ந்தோம். அக்கா யோசிக்கவே இல்லை. அருவி, ஏரி, அந்த ராஜா படம் இருக்கும் கோட்டை. மூன்றும் அத்தான் வாயால் கேட்ட இடங்கள்.

"அருவியா? இப்பத் தண்ணியே இருக்காது" என்றார் அத்தான்.

"சரி, ஏரி?"

"பாசி புடிச்சுக் கெடக்கும். மூக்கப் பொத்திக்கணும்."

"கோட்டைக்காவது போவோம்."

"அங்க ஒண்ணும் இல்ல. வெறும் செங்கல்லு."

"நீங்கதானே வாய் ஓயாம சொன்னீங்க!"

"அது அப்ப. இப்ப எல்லாம் கெட்டுப் போச்சு."

இப்படி எதற்கும் பிடி கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக அவர் சிபாரிசு செய்த இடங்களைக் கேளுங்கள். ஒரு பெட்ரோல் பங்க், கழிப்பறை சுத்தமாக இருக்குமாம். ஒரு புளியமரத்தடி, பெரிய வண்டியையும் ஒரே மடக்கில் திருப்பலாமாம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அக்கா மட்டும், "வழியில பாத்துக்கலாம்" என்று மேப்பை மடித்து வைத்தாள்.

வழியில் பார்த்தோம். அருவிக்குப் பிரியும் சாலை வந்தபோது, அங்கிருந்து திரும்பும் கார் ஒவ்வொன்றிலும் ஈரத்தலையோடு ஆட்கள் சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஜன்னல்களில் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. தண்ணீரே இல்லாத அருவியில் எப்படிக் குளித்தார்கள் என்று கேட்டேன். அத்தான் கண்ணாடியைச் சரிசெய்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வண்டி நேரே போனது. ஏரியும் பளபளவென்று மின்னிக்கொண்டு வலப்பக்கம் கடந்து போனது. பாசியாவது ஒன்றாவது.

பின்னால் திரும்பிப் பார்த்தேன். அக்கா ஏரி மறையும்வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பயணத்தை விட்டால் அவளுக்கு இன்னொன்று கிடையாது. மகள் அடுத்த வாரம் வேலைக்குத் திரும்புகிறாள். அங்கே போனதும் குழந்தையை இடுப்பில் வாங்கிக்கொண்டு அக்கா மறுபடி ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்துவிடுவாள். அது இந்த மனுஷனுக்குத் தெரியாதா?

மறுநாள் டீ குடிக்க நிறுத்திய இடத்தில் அத்தானை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன்.

"என்ன அத்தான் இது? நீங்க எல்லாத்தையும் பாத்துட்டீங்க. உங்களுக்குச் சலிச்சுப் போச்சு. அவ பாக்க வேணாமா?"

"போ மாப்ள, உனக்குத் தெரியாது."

"தெரியற மாதிரி சொல்லுங்களேன்."

டீ கிளாஸை வைத்துவிட்டுப் போய் டயரை உதைத்துப் பார்த்தார். டயருக்கு ஒன்றுமில்லை. அவர் முகம்தான் சரியில்லை.

கோட்டை ஊரின் பைபாஸ் வந்தது. குறுக்கே பீப்பாய்களை வைத்து மறித்திருந்தார்கள். ரோடு போடுகிறார்களாம், எல்லா வண்டியும் ஊருக்குள் போக வேண்டுமாம். பைபாஸ் என்று பேர் வாங்கியவருக்கே பைபாஸ் இல்லை. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஊருக்குள் போகும் சாலை கோட்டை வாசலை ஒட்டித்தான் போகிறது. அங்கே ஆள்கூட்டத்தில் வண்டி நத்தையாக ஊர்ந்தபோது, பார்க்கிங்கில் விசில் ஊதிக்கொண்டிருந்த ஒருவர் அத்தானைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"அண்ணே! எவ்வளவு நாளாச்சு! வாங்க, வாங்க, உங்க எடம் காலியாத்தான் இருக்கு."

அத்தான் மறுத்துப் பேசுவதற்குள் விசில்காரர் மற்ற வண்டிகளை நிறுத்தி, கையைக் காட்டி, எங்களை ஒரு மரத்தடிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். அக்கா இறங்கினாள்.

"அண்ணியா? வணக்கம் அண்ணி. இந்த நெழல்லதான் அண்ணன் வழக்கமா பஸ்ஸ நிறுத்துவாரு. சாமான் வைக்கிற டிக்கியத் தொறந்து உள்ள படுத்தாருன்னா, ஆளுங்க கோட்டையப் பாத்துட்டுத் திரும்பினப்புறந்தான் எழுந்திருப்பாரு. 'ஒரு தடவ உள்ள போய்ப் பாருண்ணே'ன்னு நானும் எத்தனை தடவ சொல்லியிருக்கேன். கேட்டாத்தானே! இன்னிக்காவது கூட்டிட்டுப் போங்க அண்ணி."

மனதில் ஒரு கள்ளமும் இல்லாமல் குட்டை உடைத்துவிட்டு, விசிலை வாயில் வைத்துக்கொண்டு அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

அத்தான் திருதிருவென்று விழித்தார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு தடவகூட உள்ள போனதில்லையா?"

"ராத்திரி பூரா ஓட்டணும்மா. பின்னாடி அத்தன உசுரு. அவங்க எறங்கிப் பாக்குற நேரந்தான் எனக்குத் தூக்கம்."

"அருவி?"

"வண்டியிலதான் இருந்தேன்."

"ஏரி?"

"அங்கயும் டிக்கியிலதான்."

"அப்ப அந்த ராஜா கண்ணு நம்ம கூடவே வரும்னது?"

"பின் சீட்டுல ஒரு டீச்சரம்மா பேசிட்டு வந்தாங்க."

"அருவிக்குப் பின்னாடி நடந்தது?"

"புதுசாக் கல்யாணம் ஆன ஜோடி ஒண்ணு."

"படகு ஆடிச்சு, பயந்துட்டேன்னீங்களே!"

"பயந்தது ஒரு பாங்க் மேனேஜரு."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"மொத தடவ ட்ரிப் போயிட்டு வந்தப்ப நீ கேட்ட" என்றார் அத்தான். "தூங்கினேன்னு சொன்னேன். உன் மூஞ்சி அப்படியே சுண்டிப் போச்சு. வீட்டுக்கு வெறுங்கையோட வந்த மாதிரி ஆயிடுச்சு எனக்கு. அடுத்த தடவ ஆளுங்க பேசினதக் காதுல வாங்கிட்டு வந்து சொன்னேன். நீ அவ்வளவு ஆசையாக் கேட்ட. அப்புறம் நிறுத்த முடியல."

"இத்தன வருஷமா என் காதுல பூ சுத்தியிருக்கீங்க."

அக்கா விறுவிறுவென்று போய் ஒரு கல் பெஞ்சில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான், பயணம் முடிந்தது, இனி மகள் வீடுவரை இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் தூது போக வேண்டும் என்று நினைத்தேன். அத்தான் மெல்ல அவள் பின்னால் போய் நின்றார். பக்கத்தில் உட்கார அவருக்குத் தைரியம் வரவில்லை. அக்காவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறிப்போய் ஓடினேன். கண்ணில் நீர் இருந்தது, ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நீங்க சொல்லச் சொல்ல எனக்கு எவ்வளவு வயித்தெரிச்சலா இருக்கும் தெரியுமா? எல்லாத்தையும் இவரு பாத்து முடிச்சுட்டாரே, என்னிக்காவது நான் போனாலும் பழசைக் காட்டுற மாதிரிதானே காட்டுவாருன்னு. அப்ப நான் இல்லாம நீங்க ஒண்ணுமே பாக்கலையா?"

"ஒண்ணுமே பாக்கல" என்றார் அத்தான்.

"நல்லதாப் போச்சு. எழுந்திரிங்க" என்று சொல்லிவிட்டு, நின்றுகொண்டிருந்தவரின் கையைப் பிடித்து அவளே எழுந்தாள்.

அத்தான் இரண்டடி நடந்தார், நின்றார், விசில்காரரைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்பா, டிக்கெட் எங்க எடுக்கணும்?" என்று அசடு வழியக் கேட்டார்.

அன்று சாயங்காலம்வரை கோட்டைக்குள்ளேயே இருந்தோம். ராஜா படம் நிஜமாகவே இருந்தது. அத்தான் அதன் முன்னால் இப்படியும் அப்படியும் நடந்து பார்த்து, "ஆமா, வருது, வருது" என்று கத்தினார். எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். அக்காவுக்கு அதில் வெட்கமே இல்லை. அவளும் கூடவே நடந்தாள்.

வெளியே வந்ததும் அத்தான் யாரையும் கேட்கவில்லை. வேனைக் கிளப்பி, வந்த வழியிலேயே திருப்பினார். ஏரி, அதைத் தாண்டி அருவி. அப்போது மகள் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"எங்கப்பா இருக்கீங்க? நாளைக்கு வந்துடுவீங்கல்ல?"

"இல்லம்மா, திரும்பிப் போயிட்டிருக்கோம். அருவியப் பாத்துட்டு வர்றோம்."

"அருவியா? அதெல்லாம் நீங்க பாக்காததாப்பா?"

"நான் எங்கம்மா பாத்தேன்?" என்றார் அத்தான். "உங்கம்மா இப்பத்தானே கூட வர்றா."