வண்டி விடாத தெரு

பிள்ளைகளே, துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமா கல்குவாரியில் நான் வேலை பார்த்தபோது எங்களுக்கு வெடி ஃபோர்மேன் ஒரு ஸ்பெயின்காரர். வெயிலில் வெந்து சிவந்த கழுத்து. டீயைக்கூட மோந்து பார்த்துத்தான் குடிப்பார். அவருடையது திராட்சை மதுவுக்குப் பேர்போன பழைய ஊராம். வீடுகளுக்கு அடியில் முன்னோர் குகை தோண்டிப் பீப்பாய்களை வைத்தார்களாம். மது அதிரக்கூடாதென்று தெருவில் வண்டியே விடமாட்டார்களாம்.

தொழிலாளிகள் நாங்கள் தங்கிய கேம்ப் குவாரியை ஒட்டியே இருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் கூரையின் விரிசல் நீண்டது.

"சார், உங்க ஊர்ல மதுவுக்கே அவ்வளவு பயப்படுறீங்க. இங்க கூரை எங்க தலைமேல விழப்போகுது. வெடியைக் கொஞ்சம் தள்ளி வைங்களேன்" என்றேன்.

அவர் அரைகுறை இந்தியில், "பாய், அந்த மதுவுக்கு விலை இருந்துச்சு" என்றார்.

சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. மறுநாளும் அங்கேயேதான் வெடித்தார். எங்களைக் கேலி செய்தாரா, தனக்கே வெட்கப்பட்டாரா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.