வெறும் பாக்கெட்

மரக்காணம் பக்கம் பாலுக்குப் பால் பாக்கெட், பிஸ்கட்டுக்கு பிஸ்கட் பாக்கெட், ஷாம்புக்கு ஷாம்பு பாக்கெட் என்பார்கள். முன்னால் எதையும் போடாமல் வெறுமனே 'பாக்கெட்' என்றால் அது சாராயம்தான். அந்தச் சொல் காதில் விழுந்ததும் ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்கள், பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உப்பளத்தில் வேலை செய்யும் சரஸ்வதி மட்டும் தெருவில் ஜீப் நிற்கிறதா என்று எட்டிப் பார்ப்பாள்.

அவள் புருஷன் சிங்காரம் ஒரு காலத்தில் சவுக்குத் தோப்புக்குள் பாக்கெட் விற்றவன். பிடிபட்டான், உள்ளே இருந்தான், வெளியே வந்தான், இப்போது மீன் வண்டி ஓட்டுகிறான். அதற்கெல்லாம் வெகுநாள் கழித்துத்தான் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயச் சாவு விழுந்தது; குடித்தவர்கள் வாந்தி எடுத்து, கண் தெரியாமல் போய்ச் செத்தார்கள். அதற்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் பழைய ஆள் என்று ஒரு ஜீப் வந்து கூட்டிக்கொண்டு போய் விசாரித்துவிட்டு அனுப்பியது. அடுத்த தடவை அனுப்புவார்களா என்பதுதான் சரஸ்வதியின் பயம். அன்றிலிருந்து அவள் பாலைக்கூட தூக்குவாளியில்தான் வாங்குகிறாள்.

மழை பிடித்துக்கொண்டு அளத்தில் பாத்தியெல்லாம் முழுகிக் கிடந்த நேரம். ஷார்ஜாவிலிருந்து திரும்பிய உபைத் பாய் தன் அப்பாவின் உப்புக் குடோனுக்கு வெள்ளையடித்து 'சமுதாயக் கலைக்கூடம்' என்று போர்டு மாட்டினார். ஊர்க்காரர்கள் நடுச்சொல்லைப் படிக்காமல் காதுகுத்துக்கு வாடகை விசாரித்தார்கள். சாப்பாட்டுப் பந்திக்கு எத்தனை பேர் உட்காரலாம் என்று ஒருவர் டேப் வைத்து அளந்தே பார்த்தார். பாய் பொறுமையாக விளக்கினார்: இங்கே ஒரு வாரம் புது மாதிரி இசை, புது மாதிரி கவிதை, புது மாதிரி ஓவியம் நடக்கும், பெயர் 'உப்பு வாரம்'.

இசை நாளில், பொம்மையார்பாளையத்தில் தங்கியிருக்கும் ஒருவர் தகர டிரம்மை வயலின் வில்லால் தேய்த்தார். கவிதை நாளில் கவிஞர் மேடையேறி, வாயைத் திறந்து, நன்றாக மூச்சை இழுத்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் இறங்கிப் போனார். கூட்டம் என்று பார்த்தால் மழைக்கு ஒதுங்கியவர்களையும் சேர்த்து ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். முடிந்துவிட்டது என்று உறுதி செய்துகொண்டு கை தட்டினார்கள்.

ஓவியப் பொறுப்பு சென்னையிலிருந்து வந்த ஆஸிஃபாவுக்கு. ஓவியத்தில் ஆஸிஃபாவுக்கு நம்பிக்கை போய் நாளாகியிருந்தது. உப்புத் தண்ணீரைப் பொட்டலம் பொட்டலமாகக் கூரையிலிருந்து தொங்கவிடுவதுதான் அவளுடைய திட்டம்.

"கடல் அப்படியே நம்ம தலைக்கு மேல நிக்கணும் அக்கா."

"சுனாமியில ஒருவாட்டி நின்னுது, போதாதாம்மா?" என்றாள் சரஸ்வதி.

உப்புத் தண்ணி ஊற்றுகிற வேலை என்று பாய் சொன்னதை நம்பி ஒப்புக்கொண்டிருந்தாள். மழைக்காலத்தில் கிடைக்கிற வேலையை யார் விடுவார்? ஆஸிஃபா கொண்டுவந்த கவர்களைப் பார்த்ததும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். உள்ளங்கை அளவு, மெல்லிசு; சாராயப் பாக்கெட்டின் அதே அளவு, அதே மெல்லிசு.

"ஏம்மா, பாட்டில்ல ஊத்திக்கலாமே?"

"பாட்டில் எல்லாரும் பண்ணிட்டாங்க அக்கா. பாக்கெட்தான் பவர்."

"மெள்ள சொல்லும்மா."

ஏன் என்று சொல்ல முடியாது. சொன்னால் சிங்காரத்தின் பழைய கதை முழுக்க வந்துவிடும், இந்தப் பெண் அதையும் சுவரில் எழுதிவிடும்.

குடோனில் தகர டிரம் ஓடிக்கொண்டிருந்ததால் வேலையை வீட்டிலேயே செய்ய வேண்டியதாயிற்று. சரஸ்வதி கதவைத் தாழிட்டு, அண்டாவில் உப்பைக் கரைத்து, கரண்டியால் மொண்டு ஊற்றி, கவர் வாயை மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டினாள். தெருவில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். சிங்காரம் மூலையில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவனால் பொறுக்க முடியவில்லை.

"அப்டி ஒட்டுனா ஒழுகும் சரசு. ரெண்டு மடிப்பு மடிச்சிட்டு காட்டு."

"வாய மூடுய்யா! உன்ன யாரு கேட்டா?"

ஆனால் மடித்துத்தான் ஒட்டினாள். ஒழுகவில்லை. ஒழுகாததும் பயமாகத்தான் இருந்தது.

கடைசி நாள் காலையில் பாக்கெட்டுகள் கூரையில் ஏறின. ஒன்றுகூட ஒழுகலையே எப்படி என்று ஆஸிஃபா கேட்டபோது, வீட்டுக்காரர் மடிக்கச் சொன்னார் என்று சரஸ்வதி வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அதற்குள் செய்தியும் ஊரில் ஏறிவிட்டது: 'உபைத் பாய் கூடத்துல பாக்கெட் தொங்குது, ஃப்ரீயாம்.' தலைவாரி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு ஆண்கள் வந்தார்கள். வரிசை ரோடு வரைக்கும் நின்றது.

"மக்கள் வர்றாங்க அக்கா!" ஆஸிஃபாவுக்குக் கண் கலங்கியது. "கலைக்காக வர்றாங்க!"

சரஸ்வதி தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள். எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'பாக்கெட் தயாரிப்பு: சரஸ்வதி சிங்காரம். தயாரித்த இடம்: அவர்களது இல்லம்.' உழைப்பவர்களின் பெயர் மறைக்கப்படக் கூடாது என்பது ஆஸிஃபாவின் கொள்கை.

அந்த அட்டையைக் கிழிக்க அவள் நகர்வதற்குள் கொத்தனார் தட்சணாமூர்த்தி எட்டி ஒன்றைப் பறித்து, முனையைக் கடித்து, அண்ணாந்து ஒரே மடக்கில் இறக்கினார். பாதி வாய்க்குள்ளும் பாதி கண்ணுக்குள்ளும் போனது. அடுத்த நிமிஷம் குப்புற விழுந்து வாந்தி எடுத்தார்.

வரிசை இரண்டடி பின்வாங்கியது. குடித்தவன் வாந்தி எடுத்தால் அடுத்து என்ன என்று இந்தக் கரையில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. யாரோ அதைக் கேட்டேவிட்டார்.

"டேய் மூர்த்தி, கண்ணு தெரியுதாடா?"

"தெரியலயே! எரியுதே!"

போன் பறந்தது. போலீஸ்காரர் சுரேஷ் பைக்கை நிறுத்தாமலே கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"யாரு ஊத்துனது?"

"சரஸ்வதி அக்கா சார்!" ஆஸிஃபா பெருமையோடு முன்னால் வந்தாள். "ஒவ்வொண்ணும் கையால ஊத்துனாங்க. வீட்லயே. அவங்க ஹஸ்பண்டுதான் மடிக்கிற டெக்னிக் சொல்லிக் குடுத்தாராம்."

"சிங்காரமா?" என்றார் சுரேஷ்.

அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்ததும் சரஸ்வதி தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். ஒரு பாக்கெட்டைப் பிடுங்கிக் கடித்துக் குடித்தாள். இன்னொன்றையும் குடித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"உப்பு சார். வெறும் உப்பு. இன்னொண்ணு குடிக்கட்டா சார்?"

பின்வரிசையில் மூச்சுக் கவிஞர் எழுந்து நின்று கை தட்டினார். பாய் வீடியோ எடுத்தார்.

சுரேஷ் ஒரு சொட்டை நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இன்னொரு சாவு விழுந்தால் அவர் உடுப்பும் சேர்ந்து போகும் என்பது அவருக்குத் தெரியாதா?

யாரோ நல்ல தண்ணீர் ஊற்றியதில் தட்சணாமூர்த்தி கண்ணைத் திறந்தார். "தெரியுதுப்பா. ஆனா இன்னா சரக்கு இது, இப்டி கரிக்குது?"

"மிச்சம் இருக்குதா?" என்று சுரேஷ் கேட்டார்.

"வீட்ல கொஞ்சம் இருக்குது சார்."

"வா, பாத்துடலாம். சிங்காரம் மட்டும் ஓடியிருந்தான்னா உப்புதான்னு நான் சொல்றத எவனும் நம்ப மாட்டான்."

வழி முழுக்க சரஸ்வதி குலசாமியைத்தான் கூப்பிட்டுக்கொண்டு நடந்தாள். வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஆள் இல்லை. ஓடிவிட்டான் என்றே நினைத்தாள். பின்பக்கம் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

சிங்காரம் முழங்கால் ஆழக் குழிக்குள் நின்று பாக்கெட்டுகளைப் போட்டு மூடிக்கொண்டிருந்தான். குடித்தவன் விழுந்துவிட்டான், உன் பெண்டாட்டியைப் பிடித்துவிட்டார்கள் என்று அவனுக்கு வந்த செய்தி அப்படி. காக்கியைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கினான்.

"இன்னாடா பண்ற?"

"பொதைக்கிறேன் சார்."

"உப்புத் தண்ணிய எதுக்குடா பொதைக்கிற?"

சிங்காரம் குழியைப் பார்த்தான், சரஸ்வதியைப் பார்த்தான்.

"பாக்கெட்டா இருக்குதே சார்."

சுரேஷ் குழி ஓரத்தில் குந்தி, ஒன்றை எடுத்துக் கடித்து, நக்கி, துப்பினார். அடுத்ததையும் எடுத்தார். ஒன்றை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அவரால் சோறு தின்ன முடியாது. சிங்காரம் எடுத்துக் கொடுக்க, சரஸ்வதி கடித்துக் கொடுக்க, மூன்று பேரும் நக்கி நக்கித் துப்பினார்கள். உதடெல்லாம் வெடித்தது. எல்லாம் உப்புதான்.

மூச்சிரைக்க ஆஸிஃபா வந்து சேர்ந்தாள். "அக்கா, இந்தக் குழிய மூடிடாதீங்க! அடுத்த வருஷம் இதையே வெச்சிடலாம்!"

சரஸ்வதி புருஷன் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி மண்ணைத் தள்ள ஆரம்பித்தாள். பாதி தள்ளியபின் நிமிர்ந்தாள்.

"ஏம்மா, சுவத்துல எங்க பேரு இருக்குதே, அத எதால ஒட்டுன? தண்ணி தொட்டுத் தேச்சா வந்துடுமா?"