லிஃப்ட்காரரின் கொலஸ்ட்ரால்

ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுக்கு அவர்தான் வைத்தியர். எந்த மாடியில் எது மக்கர் பண்ணினாலும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். தன் உடம்பு மக்கர் பண்ணியது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. கம்பெனியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு எகிறிக் கிடந்தது. எனக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று டாக்டரம்மாவிடம் வாதாடிப் பார்த்தார். செய்கிற வரைக்கும் காத்திருக்கப் போகிறீர்களா என்று கேட்டுவிட்டு, அந்தம்மா தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வறுத்தது பொரித்ததை நிறுத்தி, காலையில் நடக்கவும் சொன்னார்.

வறுத்ததும் பொரித்ததும் சும்மா வரவில்லை. மகளின் பிரசவத்துக்குப் போன மனைவி, பேத்தி தவழத் தொடங்கிய பிறகும் திரும்பவில்லை. மகள் வேலைக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பது? நியாயம்தான். ஆனால் நியாயம் வந்து கதவைத் திறந்துவிட்டு, ஏன் லேட்டு என்று கேட்குமா? காலி வீட்டுக்குப் போகப் பிடிக்காமல், கடை வாசலில் நின்று பொட்டலம் பொட்டலமாகத் தின்றுவிட்டுத்தான் போவார்.

கொழுப்பு விஷயம் காதில் விழுந்ததும் மனைவி அலறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஒரு வாரம் இருந்தாள். டப்பாக்களைக் குடைந்து நொறுக்குத் தீனியை எல்லாம் வெளியே தள்ளினாள். காய்களை எண்ணெய் இல்லாமல் வேகவைக்கச் சொல்லிக் கொடுத்தாள். காலையில் அவரோடு கூடவே நடந்தாள். பாதி வழியில் மூச்சு வாங்கியது அவளுக்குத்தான். அவர் கேலி செய்தார், அவள் முறைத்தாள். அந்த ஒரு வாரம் வீட்டில் மனுஷ வாடை இருந்தது.

அவள் போன பிறகும் அவர் சொன்ன சொல் தவறவில்லை. வாயைக் கட்டினார், தனியாக நடந்தார், மாத்திரையை விழுங்கினார். அடுத்த பரிசோதனையில் கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. போனில் சொன்னபோது அவள், "அப்பாடா, இனி உங்களைப் பத்தி எனக்குக் கவலையில்ல" என்றாள். சந்தோஷப்பட வேண்டிய பேச்சு. அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

அன்றோடு மாத்திரையை நிறுத்தினார். அதற்கு அவரிடம் தொழில் நியாயம் ஒன்று இருந்தது. லிஃப்டைப் பழுது பார்க்கும்போது தற்காலிகமாக ஒரு ஒயரை மாட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். பழுது தீர்ந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றிவிட வேண்டும், விட்டுவைத்தால் ஆபத்து. மாத்திரையும் அப்படித்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். சரியான சாக்கு. கொழுப்பு மறுபடி ஏறினால் அவள் மறுபடி வருவாள் என்ற நினைப்பு உள்ளே ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. அதை மட்டும் அவர் தனக்குக்கூடச் சொல்லவில்லை.

ஏறத்தான் செய்தது. ஒயர் கதையைக் கேட்ட டாக்டரம்மா சிரிக்கவில்லை. "உங்க கல்லீரல் தினமும் கொழுப்பைத் தயார் பண்ணிட்டேதான் இருக்கு. மாத்திரை அதைத் தினமும் குறைச்சு வச்சிருந்தது. இறங்கினது மாத்திரையாலதான், அதை எதுக்கு நிறுத்தினீங்க?" என்றார். இப்படியே விட்டால் இதயத்துக்குப் போகும் குழாய் அடைத்துக்கொள்ளும் என்றும், இனி தன்னைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மனைவிக்குப் போன் போட்டார். பேத்தி கையை விட்டுவிட்டு நின்ற கதையை அவள் மூச்சு விடாமல் சொன்னாள். பிறகுதான் ரிப்போர்ட் ஞாபகம் வந்து கேட்டாள்.

"ஏறியிருக்கு. மாத்திரையை நான்தான் நிறுத்தினேன்."

"நான் வரட்டுமாங்க?" என்றாள்.

இத்தனை நாளும் இதற்குத்தான் காத்திருந்தார். ஆனால் பேத்தி பாத்திரத்தைத் தள்ளிவிடும் சத்தமும், குழந்தையைப் பிடிக்க அவள் ஓடுகிற சத்தமும் போனில் கேட்டன.

"வேணாம். திரும்பப் போட்டா இறங்கிடுமாம்" என்றார்.

இன்னொரு தடவை கேட்பாள், அப்போது வா என்று சொல்லிவிடலாம் என்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி நின்றார்.

"சரிங்க, மறக்காமப் போடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.