ரெய்யோவின் இருமல்

சேங்லா அக்கா எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். அக்கா விற்பவளின் முகத்தையும் பார்ப்பாள். "இவ இன்னைக்கு ரொம்ப சிரிக்கிறா. மீனு நேத்தையது" என்று என்னை இழுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவாள். கோயில் திருவிழாக் குலுக்கலில் அவளுக்கு மின்விசிறி விழுந்தபோது, ஓடாததைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று துறவிகளுக்கு முன்னாலேயே செருகி ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் கையில் வாங்கினாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அவளுக்கு இருபத்தி ஐந்து வயதாக இருந்தபோது புருஷன், "பாங்காக்ல வேலை கிடைச்சிருக்கு, சோங்க்ரான் பண்டிகைக்கு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான். பண்டிகை வந்தது, அவன் வரவில்லை. ரயோங்கில் அவனுக்கு இன்னொரு குடும்பம் இருப்பது பின்னால் தெரிந்தது. அன்றிலிருந்து யார் பெட்டியை எடுத்தாலும் அக்கா வாசலுக்கு வந்து எங்கே, எப்போது திரும்புவது என்று துருவிக் கேட்பாள்.

சியாங் மாயில் எங்கள் சந்தின் கடைசி வீடு அவளுடையது. கொல்லையில் விறகு அடுப்பு, அதன் மேல் பெரிய வாணலி. விடிந்தால் பன்றித்தோலைப் பொரிப்பாள். சந்து முனையில் என் நூடுல்ஸ் கடை. அவள் பொரித்தது இல்லாமல் என் கிண்ணம் மேசைக்குப் போகாது. முப்பது வருஷமாக ஒருத்தி புகையில் இன்னொருத்தி பிழைக்கிறோம்.

ரெய்யோ மாமா ஃபின்லாந்துக்காரர். அங்கே காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, குளிர் தாங்காமல் இங்கே வந்தவர். ஆள் பனைமரம் மாதிரி இருப்பார், பேச்சு எண்ணி எண்ணித்தான் வரும். என் கடையில் சாப்பிட வந்து, பொரித்த தோலை யார் செய்தது என்று கேட்டு, கொல்லை வரைக்கும் போய், அங்கேயே நின்றுவிட்டார். அக்கா அவரை இரண்டு வருஷம் காக்க வைத்தாள். ஊரில் பெண்டாட்டி இருக்கிறாளா என்று அவர் தங்கச்சியையே வீடியோவில் கூப்பிடச் சொல்லி, பள்ளிக்கூட டீச்சரை வைத்து மொழிபெயர்த்து விசாரித்தாள். பிறகுதான் வீட்டுக்குள் விட்டாள். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

பிப்ரவரி கடைசியில் காடும் வயலும் எரிய ஆரம்பிக்கும். சுத்தேப் மலை முதலில் மங்கும், அப்புறம் காணாமலே போகும். வெயில் ஆரஞ்சு நிறத்தில் விழும். கொடியில் காயும் துணியில் கரி ஒட்டும். அந்தச் சமயத்தில்தான் என் கடையில் வெளிநாட்டுக்காரர்கள் கூடி உட்கார்ந்து எடை போடுவார்கள். வாடகை குறைவு, சாப்பாடு ருசி, பல் டாக்டர் கெட்டிக்காரர், ஜனங்கள் நல்லவர்கள் என்று ஒரு தட்டில் வைப்பார்கள். இன்னொரு தட்டில் இந்த இரண்டு மாசப் புகை. ஒருத்தர் கைபேசியில் காற்றின் அளவைக் காட்டுவார், மற்றவர்கள் தலையில் கை வைப்பார்கள். மழை பெய்ததும் வந்துவிடுகிறேன் என்று சொல்லிக் கிளம்புவார்கள். சிலர் வருவார்கள். மூன்றாவது வீட்டு அமெரிக்கன் வரவே இல்லை. அவன் நாய்க்கு இன்றைக்கும் நான்தான் சோறு போடுகிறேன்.

எனக்கு இந்த எடை போடுகிற சமாசாரமே பிடிக்காது. தராசில் தூக்கி வைத்தவன் ஒருநாள் இறக்கியும் வைப்பான். நாங்கள் எங்கே போய் எடை போடுவது?

ரெய்யோ மாமா மட்டும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்ததில்லை. ஓர் அறையை அடைத்து, காற்றைச் சுத்தம் செய்யும் மெஷினை ஓடவிட்டு, உள்ளே குறுக்கெழுத்து போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டிவிடுவார். இந்த வருஷம் அவரும் மாறினார்.

முதலில் இருமல் வந்தது. அக்கா அறைக்குள் தலையை நீட்டினால் போதும், குனிந்து, மார்பைப் பிடித்துக்கொண்டு இருமுவார். அடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு அவர்கள் மொழியில் போனில் பேச்சு. அப்புறம் சைக்கிளைக் கோயில் பையனுக்குத் தானமாகக் கொடுத்தார். ஒருநாள் தெற்கே த்ராங் கடற்கரையில் ஒரு வீட்டின் படத்தைக் காட்டினார்.

"லா, எனக்கு இங்க மூச்சு முட்டுது. அங்க போயிடலாம். நீயும் வா. மழை வர்ற வரைக்கும்."

"மழை வர்ற வரைக்கும் யாரு வாணலியைப் பாத்துப்பா? உன் தங்கச்சியா?" என்றாள் அக்கா.

மறுநாள் காலை அவள் என் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். கையில் கொண்டுவந்த பொரித்த தோல் கூடையை இறக்கி வைக்கவே இல்லை.

"சோன், ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. இந்த மனுஷன் உன் கடையில இருமுறாரா?"

யோசித்தேன். நேற்றுக்கூட இரண்டு கரண்டி மிளகாய் அள்ளிப் போட்டுக் கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டுப் போனார்.

"இல்லக்கா."

"ஒரு தடவைகூட?"

"ஏப்பம்தான் விட்டாரு."

அவள் முகம் இறுகிப் போனது. "அப்ப எனக்குன்னு தனியா வச்சிருக்காரு அந்த இருமலை. போறதுக்கு ஒரு சாக்கு வேணுமில்ல. நான் வரமாட்டேன்னு நல்லாத் தெரியும். கூப்பிட்டேன், அவதான் வரலைன்னு நாளைக்கு ஊரெல்லாம் சொல்லிக்கலாம். போன்ல எவளோ இருக்கா."

"ஒன்பது வருஷம் இருந்தவரு, அக்கா."

"முன்னவன் எத்தனை வருஷம் இருந்தான்? கழுத்துல கை போட்டுக்கிட்டேதான போனான்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு இருமல் வந்தது. தொண்டையைச் செருமிவிட்டு ஒரு புளிப்பு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டாள். அந்த மிட்டாய் இரண்டு வருஷமாக அவள் மடியில் இருக்கிறது. கேட்டால், "அடுப்படியில நிக்கறவளுக்கு இது கூடப் பொறந்தது" என்பாள். ஆஸ்பத்திரி என்று சொன்னால் ஏசுவாள். அவள் அம்மா வயிற்றுவலி என்று நடந்து போனவள், திரும்பி வரவில்லை. அதிலிருந்து டாக்டர்களையும் அவள் நம்புவதில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வா. சாட்சிக்கு ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போனேன். மாமாவின் அறைக் கதவுக்கு நேரே கரி அடுப்பை வைத்து, வெறும் வாணலியைச் சூடேற்றி இருந்தாள். பக்கத்தில் ஒரு முறம் நிறையக் காய்ந்த மிளகாய். எனக்குப் புரிந்துவிட்டது. நெஞ்சில் கோளாறு உள்ளவன் இந்த நெடியில் சுருண்டு விழுவான், இல்லாதவன் நாலு தும்மல் போட்டுவிட்டு நிற்பான்.

"பாவம்க்கா, நிஜமா இருந்துட்டா?"

"நிஜமா இருந்தா நாளைக்கே நான் மூட்டை கட்டறேன்" என்றாள். முறத்தை அப்படியே கவிழ்த்துவிட்டுக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

நெடி கிளம்பிய வேகத்தில் நான் ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு மூங்கில் வேலி வரைக்கும் ஓடினேன். மாமா கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார். தும்மினார். எல்லோரையும் போல இரண்டு இருமல் இருமினார். பிறகு நிமிர்ந்து நின்று, யாருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்.

"பாத்தியா, சோன்? கல்லு மாதிரி நிக்கறான். நான் சொன்னேன்ல..." என்று அக்கா கையை நீட்டினாள். அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

இருமல் அவளைப் பிடித்துக்கொண்டது. குனிந்தாள், தூணைப் பிடித்தாள், பிடி நழுவி உட்கார்ந்தாள். ஓர் இருமல் முடியும் முன்பே அடுத்தது வந்தது. உதடு கறுத்துவிட்டது. மாமா வாணலியைச் சட்டைத் துணியால் பிடித்துத் தண்ணீர்த் தொட்டியில் எறிந்தார். அவளை அப்படியே தூக்கிக்கொண்டு போய் மெஷின் ஓடும் அறையில் கிடத்தினார். நான் பின்னாலேயே ஓடினேன். அவள் வாயைத் துடைத்த துண்டில் சிவப்பாக ஒன்று தெரிந்தது. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு அதை உள்பக்கமாக மடித்தாள்.

"மிளகாத் தோலு" என்றாள், மூச்சு வாங்க.

"மிளகா உள்ள போகவே இல்ல, லா" என்றார் மாமா.

அவள் விடவில்லை.

"நீ இருமினது பொய்."

"ஆமா."

"எதுக்கு?"

அவர் வார்த்தைகளைத் தேடினார். "உனக்கு உடம்பு சரியில்ல, வா ஆஸ்பத்திரிக்குன்னு எத்தனை தடவை சொன்னேன். கேட்டியா? எனக்கு டெங்கு வந்தப்ப ஆஸ்பத்திரி வராந்தாவை விட்டு நீ நகரல. அங்கேயே தூங்கின. உனக்காக நீ வரமாட்ட. எனக்காகன்னா வருவ. அதான் இருமினேன்."

"போன்ல எவ?"

"தங்கச்சிதான். அங்க அவ நர்ஸ். நீ கொல்லையில இருமும்போது போனை ஜன்னல்கிட்ட வச்சுக் கேக்க வச்சேன். உடனே கூட்டிட்டுப் போன்னு சொல்றா. நீ புகையை விட்டு வெளியே வரணும்னு சொல்றா."

அக்காவுக்குக் கோபம்தான் வந்தது.

"என் இருமலைக் கடல் தாண்டி ஒலிபரப்பு பண்ணியிருக்க. நீயும் சோனும் போயிடுங்க இங்கிருந்து. நான் பொறந்ததே இந்தப் புகையில. எனக்கு ஒண்ணும் இல்ல."

அடுத்த நாள் விடிகாலையில் அவள் வழக்கம்போல அடுப்பை மூட்டிவிட்டாள். மாமா எழுந்து வந்தார். மெஷினை அணைத்துவிட்டு, மாஸ்க்கைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஒரு முக்காலியைப் போட்டு அவளுக்குப் பக்கத்தில் அடுப்பின் எதிரே உட்கார்ந்தார்.

"என்ன இது?"

"நீ எங்கயோ, நான் அங்க."

அக்கா என்னிடம் வந்து சொல்லிச் சிரித்தாள். "மிரட்டறாரு. ரெண்டு நாள் தாங்குவாரு, அப்புறம் மெஷினைத் தேடி ஓடுவாரு பாரு."

மிரட்டல் என்றுதான் எனக்கும் பட்டது. போகப்போக எனக்கு மாமா மேல் எரிச்சலே வந்தது. அவருக்கு டிக்கெட் வாங்கப் பணம் இருக்கிறது, போக ஊர் இருக்கிறது. உயிரைப் பணயம் வைத்து விளையாடக்கூட ஒரு வசதி வேண்டியிருக்கிறது. மாஸ்க் இல்லாமல் கொதிக்கும் குழம்பின் முன்னால் நான் நிற்பதை யாரும் தியாகம் என்று சொல்லப் போவதில்லை.

அவர் ஓடவில்லை. நாளுக்கு நாள் மலையோடு சேர்ந்து கோயில் கோபுரமும் மறைந்தது, பள்ளிக்கூடத்தை மூடினார்கள், அவர் முக்காலியில் விறகு தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா பொரிக்கப் பொரிக்க ஓரக்கண்ணால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்கே ஏமாற்றுகிறார், எப்போது நடிப்பு ஆரம்பிக்கும் என்று காத்திருந்தாள்.

அன்றைக்கு நான் கூடை எடுக்கப் போயிருந்தேன். மாமா சட்டென்று எழுந்து, விறகு எடுத்து வருகிறேன் என்று கொல்லைக் கோடிக்குப் போனார். அடுப்புப் பக்கத்திலேயே விறகு குவிந்து கிடந்தது. அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் போடாமல் பின்னாலேயே போனாள். நானும் போனேன்.

விறகு அடுக்குக்குப் பின்னால், சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, சட்டையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு மாமா இருமிக்கொண்டிருந்தார். முன்பு வாரக்கணக்கில் அவர் அவள் எதிரில் இருமிக் காட்டியது கணீரென்று இருக்கும். இதில் சத்தமே வெளியே வரவில்லை, முதுகு மட்டும் குலுங்கியது.

அக்கா அப்படியே நின்றாள். ஒளிந்து இருமுவது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு வருஷமாக அதே விறகு அடுக்குக்குப் பின்னால்தான் அவளும் இருமிக்கொண்டிருந்தாள். அதை எங்கள் இருவரிடமும் அவள் அதுவரை சொன்னதில்லை, அன்று அங்கே சிதறிக் கிடந்த புளிப்பு மிட்டாய்க் காகிதங்களையும் அவள் முகத்தையும் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

திரும்பி அடுப்புக்கு வந்தாள். எரியும் கட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தண்ணீரில் முக்கினாள். வாணலியில் பாதி வெந்த தோல் கிடந்தது. அதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மாமா வாயைத் துடைத்துக்கொண்டு, கையில் இரண்டு கட்டையோடு வந்தார். அணைந்த அடுப்பைப் பார்த்துத் திகைத்தார்.

"த்ராங் வீட்டுக்குப் போன் போடு. போற வழியில ஆஸ்பத்திரி. உன்னைப் பாக்கணும்" என்றாள்.

"என்னைப் பாக்கட்டும். பக்கத்திலேயே நீயும் நெஞ்சை ஒரு படம் எடுத்துக்கிறியா?"

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். மீன்காரியைப் பார்க்கிற அதே பார்வைதான், ஆனால் கண் நிறைந்திருந்தது.

"இதுவும் நாடகமா, கிழவா?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். இருமல் விடவில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார், அவள் இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கமே வைத்துக்கொண்டாள்.