தேவசேனாவின் பன்னிரண்டாவது குடும்பம்

வேலைக்குப் போகும் வீட்டில் செருப்பைக் கழற்றிப் போட்ட கையோடு தேவசேனா ஜன்னல் ஜன்னலாகப் போய்க் கொக்கிகளை ஆட்டிப் பார்ப்பாள். ஒரு கொக்கி தளர்ந்திருந்தால் போதும், குரங்கு உள்ளே வந்து பிரிட்ஜைத் திறந்து, முட்டையைக் குடித்து, ஓட்டை மட்டும் சோபாவில் வைத்துவிட்டுப் போய்விடும். "கொடைக்கானல் கொரங்கு படிச்ச கொரங்குங்க. தாப்பாளெல்லாம் அதுக்கு ஒரு சோலியே இல்ல" என்பாள், என்னவோ தானே பீஸ் கட்டிப் படிக்கவைத்தது போல. கொக்கி முடிந்ததும் கேஸ் ட்யூப், அதற்குப் பிறகு தண்ணீர்த் தொட்டி, கடைசியாக அலமாரிக்குள் தலையை விட்டு ஒரு மோப்பம். பூஞ்சை வாடை மூக்கில் பட்டால் அன்றைக்கு வெயில் வருகிறதோ இல்லையோ, துணி அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும்.

வயது நாற்பத்தெட்டு, ஊர் வில்பட்டி. வெள்ளனே முதல் பஸ்ஸில் டவுனுக்கு வந்து, பனி இறங்குவதற்குள் திரும்பிவிடுவாள். யாராவது வாய் தவறி 'ஆயா' என்று கூப்பிட்டுவிட்டால் தொலைந்தார்கள். சமையல்காரி என்றாலும் முகம் சுருங்கும். ஏரிக்கு மேலே உள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெளிநாட்டிலிருந்து வாத்தியார் குடும்பங்கள் வரும். அவர்களுக்கு இந்த ஊர்த் தண்ணீரையும் குளிரையும் குரங்கையும் பழக்கிக் காலூன்ற வைப்பது அவள் வேலை. என்ன தொழில் என்று கேட்டால் நிமிர்ந்து பார்த்து, "செட்டில் பண்ணி விடுற ஆளுங்க நான்" என்று பதில் சொல்வாள்.

பத்தொன்பது வருஷத்தில் பதினொரு குடும்பம். கொரியா, ஜெர்மனி, அமெரிக்கா, நியூசிலாந்து என்று அவள் விரல் மடக்கிச் சொல்ல ஆரம்பித்தால் பஸ் வில்பட்டி வந்து நின்றாலும் முடியாது. முடிக்கும்போது ஒரு வசனம் கட்டாயம் வரும்: "என் கையில வந்த குடும்பம் ஒண்ணாச்சும் பாதில பெட்டியக் கட்டுனதில்ல." ரேஷன் கடையில் சொல்லுவாள், கல்யாணப் பந்தியில் சொல்லுவாள், ஊசி போட வந்த நர்ஸிடமும் சொல்லியிருக்கிறாள். கண்டக்டர் சக்திவேலுக்கு அது மனப்பாடம். அவள் வாயைத் திறக்கும்போதே மீதியை அவர் சொல்லி முடித்துவிட்டு டிக்கெட்டைக் கிழிப்பார்.

அவளுக்கென்று ஒரு முறை உண்டு. முதல் மூன்று மாதம் மிளகாய் கிடையாது. ரொட்டி, வெண்ணெய், ஓட்ஸ், வேகவைத்த கேரட். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு அவளே போய்ச் சுமந்து வருவாள். வாசலில் காட்டுமாடு நின்றால் ஓடக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, அது பெரிய மனுஷன், போகிற வரைக்கும் பொறுத்திருக்க வேண்டும். இத்தனையையும் விளக்க அவளிடம் இருப்பது ஐம்பது அறுபது இங்கிலீஷ் வார்த்தைகள்தான். "மங்கி கம், எக் கோ" என்றால் எந்தத் தேசத்துக்காரருக்குத்தான் புரியாது!

ஆகஸ்டில் வந்தது பன்னிரண்டாவது குடும்பம். கென்யா நாட்டுக் கணக்கு வாத்தியார் கமாவ், அவர் மனைவி வஞ்சிரு, ஆறு வயது மகள் மும்பி. மும்பியின் தலை நிறையச் சின்னச் சின்னப் பின்னல்கள். அதை எண்ணிப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்து முதல் நாளே தேவசேனா அரை மணி நேரத்தைத் தொலைத்தாள். எண்ணி முடிக்கவும் விடவில்லை அந்தக் குட்டி, மடியிலேயே தூங்கிவிட்டது.

இரண்டாம் வாரம் ஏரிக்கரையில் ஒரு சங்கடம் நடந்தது. சுற்றுலா வந்த கும்பல் ஒன்று வஞ்சிருவைக் கேட்காமலே பக்கத்தில் நின்று செல்பி எடுத்தது. ஒருவன் குழந்தையின் பின்னலைப் பிடித்து இழுத்தே பார்த்துவிட்டான். தேவசேனா அவனைக் கேட்ட கேள்வியில் குதிரைக்காரர்கள் கூடி வந்துவிட்டார்கள். அவன் போன பிறகும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அன்றோடு ஒரு முடிவு எடுத்தாள்: இனி மேடம் வெளியே வர வேண்டாம், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

பார்த்துக்கொள்ளவும் செய்தாள். சந்தை, பால், பார்சல், பிள்ளையைப் பள்ளியில் விடுவது, கூப்பிடுவது, வாசலில் விழுந்த இலையைக் கூட்டுவது வரைக்கும் அவள்தான். வஞ்சிரு துடைப்பத்தைத் தொட்டால் பிடுங்கிக்கொள்வாள். கத்தியை எடுத்தால், "நோ நோ மேடம், சிட்" என்று நாற்காலியைக் காட்டுவாள். வஞ்சிரு உட்காருவார். ஜன்னல் வழியாகப் பனியைப் பார்ப்பார். இப்படி ராணி மாதிரி இதுவரை ஒரு குடும்பத்தையும் வைத்ததில்லை என்று வில்பட்டியில் சொல்லிக்கொள்ள தேவசேனாவுக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

நவம்பர் பிறந்ததும் ஒரு நாள் கமாவ் சமையலறைக் கதவருகே வந்து நின்று தயங்கித் தயங்கிச் சொன்னார். டிசம்பர் விடுமுறையில் மனைவியும் மகளும் ஊருக்குப் போகிறார்கள், திரும்பி வருவதாக இல்லை, அவர் மட்டும் ஒப்பந்தம் முடியும் வரை தனியாக இருப்பார். டிக்கெட் வாரக் கடைசியில் போடப்போகிறாராம். தேவசேனா 'ஓகே சார்' என்று சொல்லிவிட்டு, கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் அந்த வசனம் வரவில்லை. உடம்புக்கு என்ன என்று சக்திவேல் இரண்டு தடவை கேட்டார். பத்தொன்பது வருஷப் பேர் ஒரு பக்கம் போகட்டும். அந்தக் குட்டி தினமும் கேட் வரைக்கும் ஓடி வந்து கையைப் பிடிக்கிறதே, அது இனி இல்லை என்பதுதான் வழியெல்லாம் மனதில் ஓடியது. வீட்டில் கணவர் திருமலைச்சாமி விதைப் பூண்டைப் பல் பிரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, வந்தவங்க போகத்தானே செய்வாங்க என்று சமாதானம் சொன்னார். அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு தட்டில் விழுந்த சத்தத்திலேயே பதில் கிடைத்தது.

மறுநாள் காலை ஜன்னல் கொக்கிகளைக்கூடப் பார்க்காமல் நேராகப் போய் வஞ்சிருவின் எதிரில் நின்றாள். நான் என்ன குறை வைத்தேன், சாப்பாடா, குளிரா, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷையும் தெரியாததையும் சேர்த்துக் கேட்டாள். வஞ்சிரு அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். மெதுவாக, அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். ஒரு குறையும் இல்லை, எல்லாவற்றையும் நீயே செய்துவிடுகிறாய், எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. எங்கள் ஊரும் மலைதான், இதே குளிர்தான். ஒரு ஏக்கரில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் நானே போட்டவள். இங்கே மூன்று மாதமாக என் கைக்கு ஒரு வேலை இல்லை.

சொல்லிவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். காய்ப்பு உதிர்ந்து வழுவழுவென்று இருந்தது. தேவசேனா தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். கோயம்புத்தூரில் மகள் ரேவதி வீட்டுக்குப் போனால், "நீ சும்மா உக்காரும்மா" என்று அவள் சொல்லுகிற மூன்றாம் நாளே பஸ் ஏறி ஓடி வருகிறவள் தேவசேனா. அப்படிப்பட்டவள் நிலத்தில் பாடுபட்ட ஒரு சம்சாரியை மூன்று மாதம் விருந்தாளியாகவே உட்கார்த்தி வைத்திருக்கிறாள். ஊர் பேரைக் கேட்டாளே தவிர, ஊரில் என்ன வேலை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடிப் பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழம எங்க காட்டுல பூண்டு ஊனுறோம் மேடம். ஆள் பத்தல. வாரீகளா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டு, பிறகுதான் ஞாபகம் வந்து கையால் நட்டுக் காட்டினாள். வஞ்சிரு எழுந்தே நின்றுவிட்டார்.

திருமலைச்சாமிக்கு இதில் சம்மதமே இல்லை. வீடு தேடி வருகிற வெளிநாட்டுக்காரம்மாவை வேலை வாங்கினால் ஊர் காறித் துப்பாதா என்றார். வரப்பில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கொண்டு போய்ப் போட்டும் வைத்தார். வஞ்சிரு வந்ததும் ஷூவைக் கழற்றி அதன் மேல் வைத்துவிட்டு மண்ணில் இறங்கினார். கூட வந்த மும்பி வரப்பில் நின்ற நாய்க்குட்டியோடு விளையாடப் போய்விட்டாள்.

பாத்தியில் எட்டுப் பெண்கள். எட்டுப் பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள், நன்றாகவே பார்த்தார்கள். வஞ்சிரு முழங்காலை மடக்காமல் இடுப்பை வளைத்துக் குனிந்தார். விரலால் குழி, குழியில் ஒரு பல், மேலே ஒரு தட்டு. ஒரு வரிசை முடியும்போது பார்வை முகத்திலிருந்து வேலைக்கு இறங்கிவிட்டது. அந்தக் காட்டில் எல்லாருடைய வேலையையும் குறை சொல்லுகிற உரிமை பொன்னுத்தாய்க்கு உண்டு. அவள் சும்மா இருப்பாளா?

"ஏத்தா தேவசேனா, இம்புட்டு நெருக்கி ஊனுனா பூண்டு எங்கிட்டுப் பருக்கும்? சொல்லு அவகிட்ட."

தேவசேனா மொழிபெயர்க்க வார்த்தை தேடுவதற்குள் வஞ்சிருவுக்குப் புரிந்துவிட்டது. நான்கு விரலைச் சேர்த்து இடைவெளியில் வைத்து, சரியாகத்தான் இருக்கிறது என்று காட்டினார். அதோடு விட்டாரா? பொன்னுத்தாயின் வரிசைக்குப் போய், சாய்ந்து கிடந்த ஒரு பல்லைப் பிடுங்கி, வேர் கீழே வரும்படி நிமிர்த்தி நட்டுவிட்டு அவளைப் பார்த்தார். முப்பது வருஷமாகப் பொன்னுத்தாய் நட்டதில் யாரும் கை வைத்ததில்லை. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பொன்னுத்தாய் முறைத்தாள், பிறகு குனிந்து தன் வரிசையை முதலிலிருந்து ஒரு தடவை பார்த்துக்கொண்டே போனாள். மத்தியானம் கேப்பைக் களியும் கீரையும் வந்தபோது வஞ்சிரு நாள்தோறும் தின்று பழகியவர் போலக் களியைப் பிய்த்து, குழித்து, கீரையை அள்ளிய விதத்தைப் பார்த்து தேவசேனாவுக்கு வெட்கமாகப் போயிற்று. மூன்று மாதமாக இவருக்கு டோஸ்ட் போட்டுக் கொடுத்திருக்கிறோமே!

வில்பட்டிப் பக்கம் நடவு நாளில் கூலிக்கு ஆள் தேடுவதைவிட மாத்தாள் போவது அதிகம். இன்றைக்கு என் காட்டில் நீ, நாளைக்கு உன் காட்டில் நான். பொழுது சாய்ந்ததும் திருமலைச்சாமி ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், ரவிக்கைத் துணி எல்லாம் வைத்து விருந்தாளியை வழியனுப்பத் தயாராக நின்றார். பொன்னுத்தாய் கை கழுவிக்கொண்டே தடுத்தாள்.

"விருந்தாளிக்குத்தான தட்டு வைக்கணும். இவ மாத்தாளு. ஒரு நாளு வேலய நாம திருப்பிச் செய்யணும், அம்புட்டுத்தான்."

என்ன சொல்கிறாள் என்று வஞ்சிரு கேட்டார். தேவசேனா கையை ஆட்டி, விரலை மடக்கி, ஐந்தாறு தடவை முயன்று விளக்கினாள். கேட்கக் கேட்க வஞ்சிருவின் முகம் மலர்ந்தது. எங்கள் ஊர்ப் பெண்களும் இப்படித்தான் என்றார். பிறகு பொன்னுத்தாயைப் பார்த்துக் கேட்டார்: சரி, என் வீட்டுக்கு நீங்கள் எப்போது வருகிறீர்கள்?

அவருக்கு ஏது காடு என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பொன்னுத்தாயும் இன்னும் மூன்று பெண்களும் மண்வெட்டியோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வீட்டுச் சொந்தக்காரரிடம் தேவசேனா முன்பே கேட்டு வைத்திருந்தாள். பின்புறம் புல் மண்டிக் கிடந்த இடத்தை மத்தியானத்துக்குள் கொத்திப் புரட்டி மூன்று பாத்தி எடுத்தாயிற்று. இடுப்பில் கை வைத்துக்கொண்டு வஞ்சிரு இங்கே, அங்கே, இன்னும் ஆழம் என்று வேலை வாங்கினார். பொன்னுத்தாய் முணுமுணுத்துக்கொண்டே சொன்னபடி செய்தாள். டிக்கெட் போடாமல் ஒரு வாரமாகப் போனும் கையுமாகச் சுற்றிய கமாவ், இது எப்போது பிடுங்குவது என்று பின்வாசலில் நின்று கேட்டார். நாலு மாசம் ஆகும் என்று தேவசேனா விரல் காட்டினாள். அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி திரும்பக்கூட இல்லை, மண்ணாங்கட்டியைக் காலால் உடைத்துக்கொண்டிருந்தார். கமாவ் போனைப் பைக்குள் போட்டுவிட்டு உள்ளே போனார்.

தேவசேனா சுவரில் சாய்ந்து நின்று பார்த்தாள். தன் பன்னிரண்டாவது குடும்பத்தை நினைத்தாலே நெஞ்சு நிமிர்ந்தது. நாளைக்குப் பஸ்ஸில் இதை எங்கிருந்து தொடங்குவது என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டாள். அப்போது வஞ்சிரு விதைப் பூண்டுக் கூடையோடு வந்து, அதை அவள் கையில் திணித்து, நடாமல் கிடந்த மூன்றாவது பாத்தியைக் காட்டினார்.

தேவசேனா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினாள்.